கக்குற பிள்ளை தக்கும், மாப்பிள்ளை!

மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை. கோவிச்சுக்கப்படாது. பொண்ணோட தாத்தாவே ஆனாலும், பொண்ணைக் கொடுத்த ஊட்டுக்காரன் வாயைத் திறக்கறதுன்னா நாலு பக்கமும் பாத்துட்டுத்தான் திறக்கணும். பாத்துட்டேன். உங்க மாமியா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கா. உங்க அம்மா, அதான் எங்க சம்பந்தியம்மா, உள்ளார பிள்ளைக்குச் சாம்பிராணி போட்டுப் புகைமூட்டம் பண்ணிக்கிட்டு இருக்காங்க. இப்போதான் நேரம்.

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பெங்களூர்ல பஸ் ஏறி, தர்மபுரியில இறங்கி, பென்னாகரம் வண்டி மாறி நீங்க வர்றதைப் பாத்தா எனக்குப் பெருமைதான். எங்க காலத்துல மாப்பிள்ளைங்க பிள்ளையைப் பாக்க வர்றதே பேர் வைக்கிற அன்னிக்குத்தான். அதுவும் சாப்பாட்டு நேரத்துக்குக் கரெக்டா. நீங்க அப்புடி இல்லை. ஆனா ஒவ்வொரு வாட்டியும் தோள்ல ஒரு பை வருதே, அதைப் பாத்தாத்தான் எனக்கு வயித்தைக் கலக்குது.

ஒரு வாட்டி அதுல கையளவு மிஷினு. சுவிட்சைப் போட்டா மழை பெய்யுற சத்தம் வருது, பிள்ளை அதைக் கேட்டுத் தூங்கிடுமாம். தர்மபுரி ஜில்லாவுல மழைச் சத்தத்தை மிஷின்லயாவது கேக்குறோமேன்னு நான் கூட பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்தேன். பிள்ளை தூங்கலை, நான் தூங்கிட்டேன். அப்புறம் ஒரு வாட்டி சாய்வுப் படுக்கை. பால் மேல வராம இருக்க, தலை மேடா படுக்க வைக்கணும்னு. அமெரிக்காவுல அந்தச் சாய்வுப் படுக்கையில தூங்குன பிள்ளைங்க தலை தொங்கி மூச்சு அடைச்சு செத்து, 2022-ல சட்டம் போட்டே விக்கக்கூடாதுன்னுட்டான். நீங்க அதை ஆன்லைன்ல ஆர்டர் போட்டு, பென்னாகரம் வரைக்கும் சுமந்துக்கிட்டு வந்தீங்க. இந்த வாட்டி பையைப் பிரிச்சா மருந்துச் சீசா.

"என்ன மாப்பிள்ளை இது?"ன்னேன்.

"பாப்பாவுக்கு ரிஃப்ளக்ஸ், தாத்தா. வயித்துல இருக்கறது எதுக்களிச்சு மேல வருது."

"டாக்டர் சொன்னாரா, போன் சொல்லுச்சா?"

"ரெண்டும்தான்."

சந்தோசம். அப்போ அஞ்சாவது வியாதியும் வந்து சேந்தாச்சு. ஏன்னா ஊட்டுல ஏற்கெனவே நாலு இருக்குது. உங்க மாமியா சொல்லுறா, தூக்கத் தெரியாதவங்க தூக்கி உரம் விழுந்திருச்சுன்னு. சம்பந்தியம்மா சொல்லுறாங்க, யாரோ குளிக்காம வந்து தொட்டுச் சீர் தட்டியிருக்குதுன்னு. எதிர்ஊட்டுக்காரி கண்ணுன்னு சொல்லுறா. அவ கண்ணைத்தான் நாங்க சந்தேகப்படுறோம், அது வேற விசயம். என் மச்சினிச்சி தர்மபுரியிலிருந்து வந்தவ, பொண்ணோட மாரை ஒரு பார்வை பாத்துட்டு, "பால் பத்தலைடி"ன்னு தீர்ப்பு எழுதிட்டா. இருக்கறது அஞ்சு வாரத்துப் பிள்ளை ஒண்ணு. அதுக்கு வியாதி அஞ்சு. இதுல எதையாவது ஒண்ணைப் பிள்ளைகிட்ட யாராவது கேட்டீங்களா?

மாப்பிள்ளை, நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல மருந்து கொடுக்குற சன்னலுக்கு உள்ளார உக்காந்தே தலை நரைச்சவன். ஊர்ல எனக்கு இன்னும் கம்பவுண்டர்னுதான் பேரு. அந்தச் சன்னல் வழியா நான் பாத்த உலகம் இதுதான்: பிள்ளை அழுதா அப்பன் ஆத்தாளுக்கு வேண்டியது வைத்தியம்கூட இல்லை, ஒரு பேரு. உரம்னு ஒருத்தி சொல்லிட்டா போதும், ஊட்டுல எல்லாருக்கும் மூச்சு வரும். பேரு கிடைச்சாச்சுன்னா செய்யறதுக்கு ஒரு வேலையும் கிடைச்சாச்சு இல்லையா? பிள்ளையைச் சேலையில போட்டு, இந்தத் தலைப்பை ஒருத்தி அந்தத் தலைப்பை ஒருத்தி புடிச்சு உருட்டுவாங்க. அது கத்திக் கத்தி ஓஞ்சு தூங்கும். "பாத்தியா, உரம் எடுபட்டிருச்சு!" உங்க ஊர்ல ரிஃப்ளக்ஸ்னு சொல்லிச் சீசா கொடுக்குறாங்க. சேலைக்குக் காசு இல்லை, சீசாவுக்குப் பில்லு உண்டு.

நான் ஏதோ பொறாமையில பேசறேன்னு நினைப்பீங்க. என் பேத்தி நர்சிங் படிக்கறா, அவ போன்ல படிச்சுக் காட்டுனதைச் சொல்றேன். 2013-ல அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு வேலை பண்ணியிருக்காங்க. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பன் ஆத்தாகிட்ட ஒரு கதையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாங்க. ஒரு பிள்ளை கக்குது, அழுது, மத்தபடி நல்லாத்தான் இருக்குது. கதை எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா பாதிப் பேருக்கு மட்டும், டாக்டர் இதுக்கு வியாதிப் பேரு ஒண்ணு வெச்சாருன்னு ஒரு வரி சேத்துட்டாங்க. அப்புறம் இதுக்கு ஒரு மருந்து இருக்குதுன்னுட்டு, "இந்த மருந்து அநேகமா வேலை செய்யாது"ன்னும் சிலருக்குச் சொல்லிப் பாத்தாங்க. பேரு சொல்லாத கூட்டம், "வேலை செய்யாதா? அப்போ வேண்டாம்"னு சொல்லுச்சு. பேரு கேட்ட கூட்டம், வேலை செய்யாதுன்னு சொன்ன பொறகும் "இருக்கட்டும், கொடுங்க"ன்னு சொல்லுச்சு. என் சன்னலுக்கு வெளியே நின்ன சனத்தை மிச்சிகன்காரன் எப்போ பாத்தான்னு எனக்கு ஆச்சரியம்.

சரி, அந்த மருந்து வேலையாவது செய்யுதா? அதையும் பாத்திருக்காங்க. 2009-ல வந்த ஆராய்ச்சி. பால் குடிச்சா அழுகுற, கக்குற பிள்ளைங்க 162. பாதிக்கு அமிலத்தைக் குறைக்குற லான்சோபிரசோல். பாதிக்குச் சும்மா மருந்து, அதாவது உள்ளார ஒண்ணும் இல்லாதது. நாலு வாரம் கழிச்சுக் கணக்கெடுத்தா மருந்து குடிச்சதுல நூத்துக்கு 54 பிள்ளை தேவலை. சும்மா மருந்து குடிச்சதுல? அதுலயும் 54. ஆனா ஒரு வித்தியாசம் இருந்துச்சு. நெஞ்சுச் சளி அது இதுன்னு பெரிய தொந்தரவு வந்தது நிஜ மருந்துப் பக்கம் 10 பிள்ளைக்கு, அந்தப் பக்கம் 2 பிள்ளைக்கு. வயித்துல அமிலம் இருக்கறது கிருமியைக் கொல்லத்தான் மாப்பிள்ளை. காவக்காரனைத் தூங்க வெச்சுட்டு ஊடு பத்திரமா இருக்கும்னா எப்புடி?

உள்ளார நடக்கறது என்னன்னு இந்தக் கம்பவுண்டர் சொல்றேன். நம்ம நாகாவதி அணைத் தண்ணி பாயற வாய்க்கால்ல புதுசா மடை கட்டுனா முதல் போகத்துக்கு அது கசியாம இருக்குமா? மண்ணு இறுகணும். பிள்ளையோட உணவுக்குழாய் வயித்துல சேருற இடத்துல ஒரு மடை இருக்குது, அது இன்னும் இறுகலை. போதாததுக்குச் சாப்பாடு முழுக்கத் தண்ணியா இருக்குது, பிள்ளை நாள் முழுக்க மல்லாக்கப் படுத்திருக்குது, குடிக்கும்போது காத்தையும் சேத்து முழுங்குது. பால் மேல வராம வேற எங்க போகும்? மூணு மாசத்துக்குள்ள இருக்குற பிள்ளைங்கள்ல பாதி, நாளுக்கு ஒரு தடவையாவது கக்குது. நாலாம் மாசம் அது மூணுல ரெண்டு பங்கா ஏறுது. ஒரு வயசு நெருங்கும்போது நூத்துக்கு அஞ்சுகூட மிஞ்சுறது கஷ்டம். உக்கார ஆரம்பிக்கும், கெட்டியாச் சாப்பிடும், மடை இறுகும். இது சிகாகோ பக்கம் எடுத்து 1997-ல வந்த கணக்கு. எங்க பாட்டிங்க சிகாகோ போகாமயே "கக்குற பிள்ளை தக்கும்"னுட்டாங்க. எதுக்களிச்சு மார்ல வழியுது, துடைச்சா சிரிக்குது, மறுபடி குடிக்குது, எடை ஏறுதுன்னா அதுக்கு வைத்தியம் ஒரு துண்டு. நல்லா வெளுத்த பருத்தித் துண்டு. அதை உங்க தோள்ல போட்டுக்கணும்.

"அது சரி தாத்தா, அழுகுதே, பொழுது சாஞ்சா ஆரம்பிக்குதே, மூணு மணி நேரம் காலை மடக்கி மூஞ்சி செவக்கக் கத்துதே"ன்னு கேப்பீங்க. கேளுங்க. அதுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருக்கேன்.

பிரேசல்டன்னு ஒரு டாக்டர், பாஸ்டன் பக்கம். 1962-ல வந்த ஆராய்ச்சிக்காக 80 பிள்ளைங்களோட ஆத்தாமாரைத் தினமும் எவ்வளவு நேரம் அழுததுன்னு எழுதி வைக்கச் சொன்னாரு. நல்லா இருக்குற பிள்ளைங்கதான், நோஞ்சான் ஒண்ணும் இல்லை. எல்லாத்துக்கும் அழுகை வாரா வாரம் ஏறுது. ஆறாவது வாரம் உச்சி: நாளைக்குக் கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் மணி நேரம், அதுவும் சாயங்காலமாப் பாத்து. அப்புறம் இறங்குது. மூணு மாசம் நாலு மாசத்துல அடங்கிடுது. உங்க பொண்ணுக்கு இப்போ அஞ்சு வாரம். மாப்பிள்ளை மனசைத் தேத்திக்குங்க, இன்னும் ஏறும்.

இதுல எங்க பெரியவங்க பண்ணின சூழ்ச்சி ஒண்ணு இருக்குது, அதை இன்னிக்கு உங்ககிட்ட உடைச்சுச் சொல்லிடறேன். தலைப்பிரசவம் தாய்ஊட்டுலங்கறோம். மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ நல்ல நாள் பாத்துப் புருசன் ஊட்டுக்குக் கொண்டுபோய் விடறோம். அழுகை ஏறுறது, உச்சிக்குப் போறது, இறங்குறது எல்லாம் எங்க ஊட்டுலயே முடிஞ்சு போகுது. உங்க ஊட்டு வாசப்படி மிதிக்கும்போது பிள்ளை பொக்கை வாயால சிரிக்குது. உடனே சம்பந்தியம்மா, "எங்க ஊட்டுக் காத்து ஒத்துக்கிச்சு, அங்க என்ன பண்ணுனாங்களோ"ன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க. சொல்லட்டும். ரெண்டு தலைமுறையா நாங்க அழுகையை வெச்சுக்கிட்டுச் சிரிப்பைச் சீதனமா அனுப்பிக்கிட்டு இருக்கோம், கணக்குல எழுதுறதில்லை.

வைத்தியங்களுக்கெல்லாம் பேரு வாங்கிக் கொடுத்ததும் இந்த ஏத்த இறக்கம்தான். அஞ்சாம் வாரம் நீங்க எதைக் கொடுத்தாலும் பலிக்காது, அழுகை ஏறிக்கிட்டே இருக்கும். "அந்த டாக்டர் சரியில்லை." எட்டாம் வாரம் யார் எதைக் கட்டுனாலும் பலிக்கும். தாயத்துக் கட்டினவன், தொக்கம் எடுத்தவன், சொட்டு மருந்து எழுதினவன், யூடியூப்ல வயித்தைத் தடவச் சொன்ன அம்மா, எல்லாருக்கும் அந்த வாரம் கைராசி. நான் பாத்தவரைக்கும் கெட்டிக்கார வைத்தியன், ரெண்டு மாசம் முடியற சமயமாப் பாத்துத்தான் கேசை எடுப்பான்.

கிரைப் வாட்டர் எடுத்துக்குங்க. நாட்டிங்காம்ல வில்லியம் உட்வர்டுன்னு ஒரு மருந்துக் கடைக்காரர் 1851-ல ஆரம்பிச்சது. அன்னிக்கு அதுல இருந்தது சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே சாராயம். கிட்டத்தட்ட பீர் அளவுக்குச் சாராயம். அந்தக் காலத்துப் பிள்ளைங்க ஏன் அப்புடித் தூங்குச்சுன்னு இப்போ புரியுதா? பிரிட்டன்ல அந்தச் சாராயத்தை எடுக்கவே 1992 ஆச்சு. இப்போ நம்ம கடைங்கள்ல விக்கறதுல சாராயம் இல்லை. சாராயம் போனப்புறம் அது செய்யுற பெரிய வேலை, கொடுத்தவங்களைத் தூங்க வைக்கறதுதான். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூட வேண்டாம்னு நர்ஸம்மா சொல்லிட்டுப் போவா. அவ வாசல் தாண்டுறதுக்குள்ள எங்க ஊட்டுல பாலாடையைக் கழுவுவாங்க.

எங்க கிழவிங்களை மட்டும் விட்டுடுவேன்னு நினைக்காதீங்க. ராத்திரியில பேர் சொல்லாம வாங்கி வர்ற வசம்பு இருக்கே, அதைச் சுட்டு உரசி நாக்குல தடவுறதுல எனக்குச் சம்மதம் இல்லை. அதுல ஒரு நச்சுச் சரக்கு இருக்குதுன்னு 1968-லயே அமெரிக்காவுல சாப்பாட்டுல சேக்கக்கூடாதுன்னு தடுத்துட்டாங்க. கையில கட்டி விடுங்க, அழகா இருக்கும். தேன் நாக்குல வைக்கறது ஒரு வயசு வரைக்கும் கிடையாது. குளிப்பாட்டும்போது மூக்குல எண்ணெய் விட்டு வாயால ஊதுற வேலை இருக்கே, அது நேரா நுரையீரலுக்குப் போகும். என் ஊட்டுக்காரி இதைக் கேட்டா, "உங்களை அப்புடித்தான் வளத்தாங்க"ம்பா. "அதனாலதான் இப்புடி இருக்கேன்"னு சொல்லித் தப்பிச்சுக்குவேன்.

மெடிக்கல் ஷாப்புக்காரன் சமாச்சாரம் கொஞ்சம் நிஜமாவே பயம். வயித்து வலிக்குச் சொட்டு மருந்துன்னு சீட்டு இல்லாம நீட்டறதுல டைசைக்ளோமின் இருந்தா, ஆறு மாசத்துக்குள்ள இருக்குற பிள்ளைக்கு ஆகாது, மூச்சே நின்னு போகலாம். சீசாவைத் திருப்பிப் படிங்க. படிக்கத்தானே உங்களை இன்ஜினீயர் ஆக்குனாங்க?

அப்புறம் டப்பா. "பால் பத்தலை"ன்னு மச்சினிச்சி சொன்ன அன்னிக்கே நீங்க பால் பவுடர் விலை பாத்தது எனக்குத் தெரியும். பிள்ளை அழுதா பால் பத்தலை, கக்கினா பால் ஒத்துக்கலை. எப்புடிப் பாத்தாலும் பெத்தவ மேலதான் குத்தம். பத்துதா இல்லையான்னு மாரைப் பாத்துச் சொல்ல முடியாது மாப்பிள்ளை, மூத்திரத்துணியைப் பாத்துச் சொல்லலாம். நாளைக்கு ஆறு தடவை நனைச்சா, வாரா வாரம் எடை ஏறுனா, பத்துது. டப்பாவை விளம்பரம் பண்ணி விக்கக்கூடாதுன்னு நம்ம நாட்டுல 1992-லயே சட்டம் போட்டிருக்குது. டப்பா மேலயே தாய்ப்பால்தான் நல்லதுன்னு அச்சடிச்சிருக்கும். தன் சரக்கை வாங்காதேன்னு தானே எழுதி விக்கற வியாபாரம் எனக்குத் தெரிஞ்சு இதுவும் சிகரெட்டும்தான்.

நம்ம மண்ணுக்குன்னு இன்னொரு காரணமும் இருக்குது. எங்க ஜில்லாத் தண்ணி எங்களுக்குத் தெரியும். என் வயசுக்காரன் பல்லைப் பாருங்க, பழுப்புக் கோடு. சில பேருக்கு முதுகே வளையாது. போர்த்தண்ணியில ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு உலகத்துல சொன்னதை எங்க கிணறுங்க எப்பவோ தாண்டிடுச்சு. அதுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்துச்சு. 2008-ல அடிக்கல் போட்டு, ஜப்பான்காரன் கடன் கொடுத்து, 2013-ல திறந்தாங்க. காவிரித் தண்ணி வர்ற நாள்ல வரும். வராத நாள்ல போர்தான். அந்தத் தண்ணியில பவுடரைக் கரைச்சா ஃபுளோரைடு முழுக்கப் பிள்ளை வயித்துக்குள்ள. ஆத்தா அதே தண்ணியைக் குடிச்சாலும் அவ பால்ல அது ஏறக்குறைய வர்றதே இல்லை. ஜப்பான்காரன்கிட்டக் கடன் வாங்கிக் கட்டுன வடிகட்டியை ஆண்டவன் உங்க ஊட்டுக்காரிக்கு இலவசமா வெச்சிருக்கான். அதுக்குப் பூட்டுப் போடலாமா?

பெத்தவளைப் பத்திப் பேசினதும் பத்தியம் ஞாபகம் வந்துச்சு. பாலக்கோட்டு மாம்பழம் ஊடு நிறைய இருக்குது. அவ தொடக்கூடாது, பிள்ளைக்கு மாந்தம். தயிரு கூடாது, சளி. பருப்பு கூடாது, வாயு. கருவாடும் பூண்டும் வெறும் சோறும் தின்னுக்கிட்டு, ராவெல்லாம் முழிச்சுக்கிட்டு, "நீ என்னத்தைத் தின்னே, பிள்ளை இப்புடிக் கத்துது?"ன்னு வேற கேக்கறீங்க. ஆத்தா தின்னதால அழுகுற பிள்ளை நெம்பக் கொஞ்சம். சில பிள்ளைங்களுக்கு மாட்டுப்பால் ஒத்துக்காது, அதுக்கு மலத்துல ரத்தக்கோடு, தோல்ல சொறின்னு அடையாளம் இருக்கும், டாக்டர் சொல்லுவாரு. மத்தபடி அந்தப் பொண்ணு மாம்பழம் தின்னட்டும். இன்னொண்ணு. அவ பேசறது குறைஞ்சா, பிள்ளையைப் பாத்தும் முகம் மலரலைன்னா, காரணம் இல்லாம அழுதா, அதைப் பேய் புடிச்சதுன்னு விட்டுடாதீங்க. பிரசவத்துக்கு அப்புறம் மனசு வாடறது நிஜமான நோவு, நிஜமான வைத்தியம் இருக்குது. இந்த ஊட்டுல மருந்து தேவைப்படுற ஆளு பிள்ளையா இல்லாம அவளா இருக்கலாம்.

ஒண்ணு மட்டும் கேலி பண்ணாம சொல்றேன். உங்களுக்குப் பொறந்தது பொண்ணு. இந்தப் பக்கத்துல பொண்ணு அழுதா காதுல விழாத காலம் ஒண்ணு இருந்துச்சு. அழுகையை அடக்க அவங்க என்ன கொடுத்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், கேக்கவும் கேக்காதீங்க. 1992-ல சேலத்துல அரசாங்கம் தொட்டில் வெச்சுது, வேண்டாம்னா இதுல போட்டுட்டுப் போங்கன்னு. அப்புறம் அந்தத் தொட்டில் எங்க ஜில்லாவுக்கும் வந்துச்சு. அப்பேர்ப்பட்ட ஊர்ல, பொண்ணு கக்குதுன்னு பெங்களூர்லயிருந்து பை தூக்கிக்கிட்டு வர்ற அப்பனைப் பாத்தா, உள்ளுக்குள்ள எனக்கு என்ன தோணும்? இவ்வளவு நேரம் உங்களைக் கிண்டல் பண்ண எனக்குத் தெம்பு வந்ததே அந்தச் சந்தோசத்துலதான்.

அதுக்காக எல்லாத்தையும் "தக்கும் தக்கும்"னு விட்டுடக்கூடாது. பச்சையாக் கக்கினா, ரத்தமாக் கக்கினா, கேள்வியே இல்லை, 108. மூணாம் நாலாம் வாரத்துக்கு மேல, குடிச்சதெல்லாம் ஒவ்வொரு வாட்டியும் சுவத்துல அடிக்கிற வேகத்துல பீறிட்டு வந்தா, வயித்து வாசல் சுருங்கியிருக்கலாம். அதுக்கு ஆபரேசன் இருக்குது, லேகியம் இல்லை. மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. மூத்திரம் குறைஞ்சா, பால் குடிக்க மறுத்தா, எழுப்பினாலும் எழாம துவண்டா, எடை நின்னு போனா, அதேதான். "உச்சி விழுந்திருச்சு"ன்னு கிழவிங்க சொல்லுவாங்களே, அதுல மட்டும் அவங்க கண்ணு தப்பாது. உச்சிக்குழி பள்ளமானா உடம்புல தண்ணி வத்துதுன்னு அர்த்தம். ஆனா அதைத் தூக்கி விடுறேன்னு வாய்க்குள்ள விரலை விட்டு அழுத்தவும், எண்ணெயைக் குழிக்குள்ள ஊத்தவும் இறங்குவாங்க. அங்கதான் தடுக்கணும். உச்சி வீங்கினாலும் ஆபத்து. மாசம் நிறையாம பொறந்த பிள்ளை, எடை குறைஞ்ச பிள்ளை எல்லாம் என் பேச்சுல சேத்தி இல்லை. 2014 நவம்பர்ல தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில கொஞ்ச நாளைக்குள்ள பத்துக்கு மேல பச்சைப்பிள்ளைங்க போச்சுங்களே, குறை எடை, மூச்சுத்திணறல்னு சொன்னாங்க. அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. கொழுகொழுன்னு இருந்து கக்குற பிள்ளைக்குப் பதறுறோம், சத்தமே இல்லாம சுருண்டு கிடக்குறதைச் "சமத்து"ங்கறோம்.

அழுகை நிக்கவே இல்லைன்னா மருந்தைத் தேடுறதுக்கு முன்னால துணியை அவுத்துப் பாருங்க. எறும்பு இருக்கும். அரைஞாண் கயிறு இறுகியிருக்கும். ஆத்தா தலைமயிர் ஒண்ணு கால்விரல்ல சுத்தி விரல் செவந்து கிடக்கும். தொடை இடுக்குல புடைப்பு இருக்கும். இதெல்லாம் போன்ல தெரியாது. வயிறு முட்டக் குடிச்ச கையோட தூளியில போட்டு ஊஞ்சல் ஆட்டாதீங்க, அரை மணி நேரம் நிமித்திப் புடிங்க. தூங்கப் போட்டா மல்லாக்க, கெட்டியான சமதரையில, தலையணை இல்லாம. கக்குற பிள்ளைக்கும் அதேதான்.

தூக்கித் தூக்கிக் கெடுத்துட்டீங்கன்னு யாராவது சொன்னா என்னைக் கைகாட்டி விடுங்க. 1986-ல மான்ட்ரியல்ல பாத்திருக்காங்க, அழுதாலும் அழாட்டியும் நாளைக்குக் கூடுதலாத் தூக்கி வெச்சிருந்த பிள்ளைங்க ஆறாம் வாரம் நூத்துக்கு 43 பங்கு குறைவா அழுதுச்சு. ஆனா ஏற்கெனவே ஓயாம கத்துற பிள்ளைக்கு அது அவ்வளவாப் பலிக்கலைன்னும் பின்னால கண்டுட்டாங்க. அதனால தூக்கியும் நிக்கலைன்னா உங்க கை சரியில்லைன்னு அர்த்தம் இல்லை. அப்போ கோவம் வரும், எல்லாருக்கும் வரும். வந்தா பிள்ளையைப் பாயில மல்லாக்கப் போட்டுட்டு வாசலுக்கு வந்து என்னைத் திட்டுங்க. பிள்ளையை மட்டும் குலுக்கிடாதீங்க. ஒரு நிமிசக் குலுக்கல்ல மூளையில ரத்தம் கசிஞ்சிடும், அதுக்கு எந்த ஊர்லயும் மருந்து இல்லை.

அரசாங்கம் 2015-ல இருந்து பிரசவத்துக்குப் பொட்டி கொடுத்துச்சே, ஞாபகம் இருக்குதா? 16 சாமான். அதுல பெத்தவளுக்குச் சுண்டி லேகியமும் பிள்ளைக்குக் கிலுகிலுப்பையும் வெச்சிருந்தாங்க. அழுகைக்கு மருந்துச் சீசா வைக்கலை. பிள்ளைன்னா அழும்னு கோட்டையில உக்காந்திருக்கறவனுக்கே தெரிஞ்சிருக்குது.

வர்ற புதன்கிழமை ஆறாம் வாரத்து ஊசி. துணை சுகாதார நிலையத்துல எடையும் போடுவாங்க. நாளைக்கு இருவது முப்பது கிராம் வீதம் ஏறியிருந்தா அந்தச் சீசாவைப் பிரிக்காமலே பெங்களூருக்குத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க, பில்லு பத்திரமா இருக்குதானே? ஏறலைன்னா நானே உங்ககூட தர்மபுரிக்கு வர்றேன், பிள்ளைங்க டாக்டரைப் பாத்துடலாம். கம்பெனிக்குப் போனைப் போட்டு மூணு நாள் லீவு சொல்லிடுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பிள்ளை உங்க தோள்ல, பொண்ணு தூக்கத்துல. துண்டு கொடியில காயுது, எடுத்துக்குங்க.